மீதி 17 நாள்

அன்புள்ள வசந்தி,

உன் மூன்று கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ராஜியின் மகன் அகிலனுக்குச் சிறுமூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, இன்றோடு கதிர்வீச்சு 13 நாள் ஆகிறது. வயது 7. எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. இன்று உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி என்கிறார்கள். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். எடுத்த மறுநாள் பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிட்டது. அந்த இடத்தில் கத்தி வைத்தால் சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம், மெல்லத் திரும்புமாம். இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? மூன்று வாரம் ராஜி அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது பேசுகிறான், ஒவ்வொரு சொல்லாக, இழுத்து இழுத்து.

நான் டாக்டரிடம் சண்டைக்கே போனேன், தெரியுமா? ஸ்கேனில் முதுகு சுத்தம். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரிலும் ஒன்றுமில்லை. பிறகு எதற்கு மூளை முழுசுக்கும், தண்டுவடம் அடிவரைக்கும் கதிர்? அவர் பொறுமையாகச் சொன்னார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுவது ஒரே நீர். கட்டியிலிருந்து உதிர்ந்த செல் அதில் மிதந்து எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டும், ஸ்கேனில் தெரியாது. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் முதுகில் முளைக்கலாம். 1953-இல் மான்செஸ்டரில் எடித் பேட்டர்சன் முழுதுக்கும் கொடுத்துப் பிள்ளைகள் பிழைத்ததை எழுதினாராம்.

சம்மதப் படிவத்தில் 'வளர்ச்சி' என்ற வரியில் ராஜியின் பேனா நின்றுவிட்டது. முதுகெலும்பு வளர்வது குறையும், ஆள் குட்டையாக நிற்பான். பாதி எலும்பில் மட்டும் பட்டால் கோணி வளரும் என்பதால் எலும்பு முழுசுக்கும் படும்படி வைக்கிறார்கள். படிப்பில் வேகம் குறையலாம், ஹார்மோன் குறையலாம், வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

"கொஞ்சம் குறைச்சுக் குடுக்கக் கூடாதா டாக்டர்?" என்றேன். கதிரின் அளவைக் கிரே என்று கணக்கிடுகிறார்கள். முன்பு எல்லாருக்கும் 36 கிரே கொடுத்தார்களாம். கீமோவும் சேர்த்த பிறகு, பரவாத கட்டிக்கு 23.4 போதும் என்று தெரிந்தது. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அதையும் 18 ஆக்கிப் பார்த்தார்கள். கட்டி திரும்புவது கூடிவிட்டது. அதனால் 23.4-இலேயே நிற்கிறார்கள். வசந்தி, அதற்கு மேல் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. அந்த 18 வாங்கிய பிள்ளைகளையும் ஒரு ராஜி தூக்கிக்கொண்டுதானே வந்திருப்பாள். இவனுக்கு எவ்வளவு என்பது அவர்களால் தெரிந்தது. தினமும் அவன் உள்ளே போகும்போது அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரர் புரோட்டான் என்ற வேறு வகைக் கதிர் பற்றிக் கேட்டிருந்தார். விசாரித்தோம். எக்ஸ்ரே கதிர் முதுகில் நுழைந்து நெஞ்சு, வயிறு வழியாக வெளியே போகும். புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும், இதயமும் குடலும் தப்பும். நல்லதுதான். ஆனால் மூளை முழுசுக்கும் போக வேண்டியது எதில் கொடுத்தாலும் போகத்தான் வேண்டும். காத்திருக்க நேரமும் இல்லை. அவரிடம் சொல்லிவிடு.

வீட்டில் எல்லாரும் 'கரண்ட் வைக்கிறது' என்றே பேசியதில், பிள்ளை ஷாக் அடிக்கும் என்று நடுங்கிவிட்டான். இன்னொரு உறவுக்காரி, அவன் உடம்பிலிருந்து கதிர் வரும் என்று தன் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. மெஷினை நிறுத்திய கணமே எல்லாம் நின்றுவிடும், உடம்பில் ஒன்றும் தங்காது. எத்தனை முறை சொல்வது?

முகமூடி செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டதும் ஈரத்துணி மாதிரி தொய்ந்தது. முகத்தில் அழுத்திப் பிடித்தார்கள், சில நிமிடத்தில் இறுகிவிட்டது. தினமும் அதை மாட்டி மேஜையோடு பூட்டுகிறார்கள். வெளியே வரும்போது நெற்றியெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம். தலையணையில் இன்று காலை கொத்துக் கொத்தாக முடி.

உள்ளே அவன் தனியாகத்தான் இருக்க வேண்டும். கேமராவில் பார்க்கலாம், மைக்கில் பேசலாம். முதல் நாள் அவன் அழ, நான் மைக்கை வாங்கி நீ கிணற்றில் சைக்கிளைத் தள்ளிய கதையைச் சொன்னேன். அசையாமல் கேட்டான். மயக்க மருந்தே தேவைப்படவில்லை. உன் பெயர் அங்கே டெக்னீஷியன் வரைக்கும் தெரியும், சொல்லிவிட்டேன்! சுந்தரி டீச்சர் குடை, மொட்டைமாடி, எல்லாக் கதையும் தீர்ந்துபோச்சு.

முழுதுக்கும் கொடுக்கிறது இன்றோடு முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து கட்டி இருந்த பகுதிக்கு மட்டும், மொத்தம் 54 கிரே ஆகும் வரை. இன்னும் 17 நாள், சனி ஞாயிறு கிடையாது. நேற்று மேஜையிலிருந்து இறக்கும்போது, "சைக்கிள் அத்தைக்கு... அப்புறம்... என்ன ஆச்சு?" என்று கேட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு அவனிடம் வந்த மிக நீளமான வாக்கியம் அது.

எனக்கு மறந்துபோனதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். 17 கதை எழுதி அனுப்பு. சின்னதாக இருந்தால் போதும், பத்து நிமிடம் வர வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஒன்றாவது அனுப்பிவிடு.

உன்
கலா