டிரம்மைத் திறக்கும் இடத்தில் தொடங்க வேண்டும் அமைச்சகத்தின் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது ஒன்றிய சுகாதார அமைச்சகம் எதற்கு என்று தங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. மருத்துவமனைகளைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. மருந்துக்கு அது பொருந்தாது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மருந்துகளும் நச்சுப் பொருள்களும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் விதிகளை வகுப்பதும், புதிய மருந்துகளுக்கு அனுமதி தருவதும், இறக்குமதியைக் கண்காணிப்பதும் ஒன்றிய அரசின் பொறுப்பு. பெரும்பாலான மருந்துகளுக்குத் தயாரிப்பு உரிமம் தருவது மாநில அரசு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் குழந்தைகளைப் பறிகொடுக்கிறோம்.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்.

இந்த நஞ்சு எந்த வழியாக உள்ளே வருகிறது? இதுபோன்ற சிரப்பில் சேரும் பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் அதைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் உள்ளது விலை அதிகம். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது மலிவு. ஆனால் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம். அதுவும் நிறமற்றது, இனிப்பானது. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. இந்தத் திரவம் வரும் டிரம் இரண்டு மூன்று இடைத்தரகர் கைமாறும்போது லேபிள் மாறிவிடும், சான்றிதழ் மட்டும் நகலாகக் கூடவே வரும். சிறு நிறுவனம் அந்தத் தாளை நம்பிவிடும், அல்லது பத்து டிரம்மில் ஒன்றில் மட்டும் மாதிரி எடுக்கும். நஞ்சு மற்ற ஒன்பதில் இருக்கலாம். ஒவ்வொரு டிரம்மிலும் மாதிரி எடுத்து, கேஸ் குரோமட்டோகிராபி என்ற வேதிப் பகுப்பாய்வு முறையில் சோதித்து, அதன் பிறகே கலவைத் தொட்டிக்கு விட வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

சாவுகளுக்குப் பிறகு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து வேண்டாம் என்று அறிவுரை வந்தது. சரியான அறிவுரைதான். ஆனால் எழுதிக்கொடுக்கும் மருத்துவரோ கடைக்காரரோ பாட்டிலுக்குள் இருப்பதைச் சோதிக்க முடியுமா? அறிவுரை, நஞ்சு கலந்த மருந்துத் தொகுதியை (பேட்ச்) தடுக்காது. சந்தையில் மாதிரி எடுப்பதும் போதாது. அரசுப் பகுப்பாய்வாளர் அறிக்கை தர விதிப்படி 60 நாள் அவகாசம் உண்டு. ஒரு பாட்டில் இருமல் மருந்து ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் 2022இல் நடந்த சாவுகளுக்குப் பின், 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் சோதனைச் சான்று கட்டாயமானது. உள்நாட்டில் விற்பதற்கோ தயாரிப்பாளரின் சொந்தச் சோதனையே போதும் என்று விட்டார்கள். வெளிநாட்டுக் குழந்தைக்குக் கொடுத்த காப்பைச் சிந்த்வாரா குழந்தைக்குக் கொடுக்காமல் விட்டதை எந்த நிர்வாகக் காரணமும் நியாயப்படுத்தாது.

அமைச்சகத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33பி (33P) பிரிவின் கீழ் மாநிலங்களுக்கு நேரடி உத்தரவு பிறப்பிக்கலாம். குழந்தைகளுக்கான ஒவ்வொரு திரவ மருந்துத் தொகுதியும் வெளி ஆய்வகச் சான்றுடன்தான் ஆலையை விட்டு வெளியேற வேண்டும், டிரம் வாரியான சோதனைப் பதிவை ஆய்வாளர் கேட்ட நேரத்தில் காட்ட வேண்டும், காட்டாத ஆலையின் உரிமத்தை அன்றே நிறுத்திவைக்க வேண்டும் என்று அந்த உத்தரவு சொல்லட்டும். கருவி வாங்க வசதியில்லாத சிறு ஆலைகளுக்கு அரசு ஆய்வகங்களில் குறைந்த கட்டணத்தில் சோதனை செய்துதர நிதி ஒதுக்கட்டும். அந்தச் செலவுக்குத் தயங்குவது பெரும் தவறு.

இப்படிக்கு,
மருந்துத் தரக்கட்டுப்பாட்டுப் பணியில் உள்ள வாசகர்,
செங்கல்பட்டு