பறவை நோக்கர் சங்க ஆண்டறிக்கை: மாசி மாதப் பறம்பிக்குளம் பயணம்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டார உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. விரிவாகச் சொல்ல வேண்டியது பறம்பிக்குளம் பயணத்தைத்தான்.

பறம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில், நம் முதலமடைப் பஞ்சாயத்தில் இருந்தாலும், சாலை தமிழ்நாட்டு வழியாகவே போகிறது: கோவிந்தாபுரம், ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப். இரு மாநில வனத்துறைக்கும் தனித்தனிக் கட்டணம். வண்டி எண், ஆள் கணக்கை முன்பே எழுதி வைக்காவிட்டால் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் சோதனைச் சாவடியிலேயே கழிந்துவிடும்.

மாசியில் தேக்கு இலையுதிர்ந்து நிற்பதால் உச்சிக் கிளை வரை பார்வை ஓடும். ஆனால் சருகு காலடியில் நொறுங்கும். வழிகாட்டியின் பின்னால் வண்டித்தடத்திலேயே நடப்பது நல்லது. பூத்த இலவ மரம் கிடைத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். துடுப்புவால் கரிச்சான், மலை மைனா, பச்சைச்சிட்டு எல்லாம் தேனுக்கு வரும். மகரந்தம் அப்பிய நெற்றி வேறு நிறமாகத் தெரியும். அதை இனத்தின் அடையாளம் என்று புதியவர்கள் குறித்துவிடுகிறார்கள்.

அதிகம் தடுமாற வைப்பவை கதிர்க்குருவிகள் என்னும் சிறு வலசைப் பறவைகள். இலைக் கதிர்க்குருவிகளை நிறத்தால் பிரிக்க முயல வேண்டாம், குரலைக் கேளுங்கள். பச்சைக் கதிர்க்குருவி 'ச்சிலீ' என்று வெட்டிக் கூப்பிடும். பெரிய அலகு இலைக் கதிர்க்குருவி இரண்டு சுரம் ஊதும், இரண்டாவது சுரம் மேலே ஏறும். புதருக்குள்ளிருந்து 'டக், டக்' என்று வந்தால் அநேகமாக பிளித் நாணல் கதிர்க்குருவி. குரல் கேட்கவில்லையென்றால் 'இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே நேர்மையான பதிவு. சித்திரைக்குப் பிறகு இவற்றில் பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும்.

பெரிய அலகுள்ள காட்டுப் பறவையான இருவாச்சி விஷயத்தில் சங்கம் கண்டிப்பாக இருக்கும். இந்தப் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். ஆண் கொண்டுவரும் இரைதான் அதற்கு உணவு. நாம் மரத்தடியில் நின்றால் ஆண் நெருங்காது, உள்ளே இருப்பது பட்டினி கிடக்கும். கூடு தெரிந்தால் உடனே விலகுங்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அலைபேசியில் குரல் ஒலிபரப்பி எந்தப் பறவையையும் அழைக்கக் கூடாது.

பட்டியல் 15 நிமிடத்துக்கு ஒன்று. கண்டதும் கேட்டதுமான எல்லா இனமும் இருக்க வேண்டும். காக்கை, மைனாவை விட்டால் பட்டியல் முழுமையாகாது.

சங்கத்துக்கு அடுத்து வாங்கும் பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) ஆக இருக்கட்டும். 10 மடங்கில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும், காட்சிப் பரப்பும் குறுகும். கிளைவிட்டுக் கிளை தாவும் குருவியைத் தொடர முடியாது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.