இறக்கையை மூடும்வரை கராஜை விட்டுவையுங்கள்

எங்கள் குடியிருப்பின் நிர்வாகத்தைப் பார்க்கும் ட்ரஸ்டிகளுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் கொடுத்த கடிதங்களுக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. உங்களில் பாதிப் பேர் கோயில் கமிட்டியிலும் இருப்பவர்கள், பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறவர்கள். அதனால் இதைத் தமிழிலேயே, எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுதுகிறேன். போன கூட்டத்தில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, கை தூக்கியவர்கள் நீங்கள்தானே. மாதக் கடைசிக்குள் கராஜைக் காலி செய்யவேண்டும், "பட்டறை நடத்தக்கூடாது" என்ற நோட்டீஸ் என் கதவில் ஒட்டியிருக்கிறது. என் பெயரையாவது பிழையில்லாமல் எழுதியிருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றுதான். நான் கட்டுகிற விமானத்தின் வலது இறக்கையின் அடிப்பக்கத் தகட்டை மூடி முடிக்கும்வரை அந்தக் கராஜை விட்டுவையுங்கள்.

அங்கே இருப்பது ஆர்வி-9 என்ற இரண்டு இருக்கை விமானத்தின் இறக்கை. வால், இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும் கிட். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து வருகிறது. இந்த ஆர்வி வரிசையில் வீட்டிலேயே கட்டி, பறக்கவும் செய்த விமானங்கள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல். என் விமானத்தின் வாலும் இடது இறக்கையும் முடிந்து மச்சான் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. வலது இறக்கை, அதை அசையாமல் பிடிக்கும் ஜிக் என்ற சட்டத்தில் நிற்கிறது. மேல்தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்தாயிற்று. அடிப்பக்கம் இன்னும் திறந்திருக்கிறது.

"அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஐயா, மூடி ஒட்டாத அட்டைப்பெட்டியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். திருகிக்கொள்ளும். இறக்கையும் அப்படித்தான். மேலும் கீழும் தகடு மூடினால்தான் அது முறுக்கைத் தாங்கும். தூக்குக்குண்டு தொங்கவிட்டு, எந்த முனையிலும் திருகல் இல்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் மேல்தகட்டைப் பொருத்தினோம். இந்த நிலையில் அதை ஒரு பேக்கி வண்டியின் பின்னால் ஏற்றி, நம் டர்பன் சாட்ஸ்வர்த் தெருக்களின் மேடுபள்ளத்தில் குலுக்கி எடுத்துப் போய், வேறு எங்கோ வைத்து ரிவெட் அடித்தால், வழியில் விழுந்த திருகல் அப்படியே நிலைத்துவிடும். பிறகு அந்த விமானம் ஆயுள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துதான் பறக்கும். உங்கள் நோட்டீஸ் கேட்பது அதைத்தான்.

இன்றைக்கே மூடிவிடவும் முடியாது. விமான ஆய்வாளர் வந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடவேண்டும். மூடிய பிறகு பார்க்க நினைத்தால் ரிவெட்டைத் துளைத்தெடுக்க வேண்டியதுதான். மூடுகிற வேலையும் ஒரு ஆளால் ஆகாது. நான் வெளியிலிருந்து ரிவெட் கன்னைப் பிடிக்கவேண்டும், என் மகள் தகட்டை லேசாக வளைத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்கவேண்டும். கை அரை அங்குலம் நகர்ந்தால் தகட்டில் பள்ளம் விழுந்துவிடும். அவள் வாரம் முழுக்க ஆஸ்பத்திரி டியூட்டி பார்த்துவிட்டு சனிக்கிழமைதான் வருகிறாள். "சனிக்கிழமை சத்தம்" என்று உங்கள் நோட்டீஸில் இருப்பது அவள் உழைப்பு.

சத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஞாயிறு முழுதும் நாங்கள் கன்னைத் தொடுவதில்லை. 2023இல் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இந்த வளாகத்தில் எத்தனை ஜெனரேட்டர் நடுராத்திரிவரை ஓடியது? யார் கதவில் நோட்டீஸ் ஒட்டினீர்கள்? தைப்பூசக் காவடிக்கு ரதத்தின் சட்டத்தை வெல்டிங் செய்ய இடம் இல்லை என்று வந்து கேட்டீர்களே, அது எந்தக் கராஜ்? அன்றைக்கு கிரைண்டர் பொறி பறக்க வேலை நடந்தபோது அது பட்டறையாகத் தெரியவில்லை. முருகன் வேலைக்கு ஒரு விதி, என் வேலைக்கு ஒரு விதி. சரி, முருகனோடு நான் போட்டி போடவில்லை.

தீ அபாயம் என்கிறீர்கள். கராஜில் ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. என்ஜின் இன்னும் வாங்கவே இல்லை. இறக்கையில் அமையும் எரிபொருள் டாங்குக்குள் பூசிய சீலன்ட் நாறியது உண்மை, அந்த வேலை முடிந்துவிட்டது. அரிப்பைத் தடுக்கும் பிரைமர் அடித்ததும் உண்மை. தகட்டின் மேலே மெல்லிய தூய அலுமினியப் பூச்சு இருக்கிறது, ஆனால் துளை போட்ட இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் அது இருக்காது. டர்பன் கடற்காற்றின் உப்பு அங்கேதான் முதலில் பிடிக்கும். உங்கள் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தால் புரியும்.

"பிளானையே மாற்றுகிறாராம்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு புரளி. மாற்றியது இரண்டு. ஆட்டோபைலட் மோட்டாருக்கு இறக்கைக்குள் ஒரு தாங்கி, இறக்கை நுனியில் எல்இடி விளக்குக்கான வயர்க் குழாய். இரண்டையும் படம் எடுத்து, எடை குறித்து, லாக் புத்தகத்தில் எழுதி, ஆய்வாளரிடம் காட்டியாயிற்று. கட்டி முடித்தாலும் உடனே யாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. வீட்டில் கட்டிய விமானங்களுக்கு இங்கே தரும் இசட்யூ எழுத்தில் பதிவாகி, பயணி இல்லாமல், ஊர்களுக்கு மேல் போகாமல் சோதனைப் பறப்பை முடிக்கவேண்டும். உங்கள் கூரை மேல் விழும் என்ற பயம் வேண்டாம்.

நாம் வாழும் இந்த நேட்டால் பகுதியில் 1870களில் கார்க்லூப் பக்கம் குட்மன் ஹவுஸ்ஹோல்ட் என்ற பண்ணைக்காரர் தானே என்ஜின் இல்லாத கிளைடர் செய்து பறந்தார் என்று ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது. அவருடைய அம்மா, பறப்பது பாவம் என்று தடுத்துவிட்டாராம். அவரைத் தடுக்க ஒரு அம்மா போதும், எனக்கு ஏழு ட்ரஸ்டி. 2019இல் இதே தென்னாப்பிரிக்காவின் பதின்ம வயதுப் பிள்ளைகள் தாங்கள் கட்டிய ஸ்லிங் 4 விமானத்தில் கேப் டவுனிலிருந்து கெய்ரோ போனபோது நாம் எல்லோரும் செய்தியைப் பகிர்ந்து கைதட்டினோம். பக்கத்து வீட்டில் கட்டினால்தான் தொல்லை போலிருக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் டர்பனின் பழைய லூயி போத்தா விமான நிலையத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். உள்ளே போய் ஓட்டக் கற்பது அன்றைய நிறவெறி ஆட்சியில் நம் நிறத்துக்கு எழுதப்பட்டதல்ல. அந்த வேலி போய்விட்டது. அதைக் குடியிருப்புக்குள் கொண்டுவந்து நடுவதற்கு நமக்கு நாமே போதும் என்று நினைக்கும்போதுதான் வலிக்கிறது.

எங்கோ போய்விட்டேன், வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து நோட்டீஸை நிறுத்திவைத்து, இறக்கையின் அடித்தகடு மூடும்வரை அவகாசம் தாருங்கள். வேலை நேரத்தை எழுத்தில் கொடுக்கிறேன், தீயணைப்பான் வைத்திருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டே ரிவெட் அடிக்கிறேன். மூடிய மறுவாரம் அது விமானம் நிறுத்தும் ஹாங்கருக்குப் போய்விடும். விமானத்தின் உடலை இங்கே கட்டப்போவதில்லை. எந்தச் சனிக்கிழமையும் வந்து பாருங்கள். இரண்டு பேராவது வாருங்கள், ஒருவர் பார்த்துவிட்டுப் போய் மற்றவர்களுக்குச் சொல்கிற கதை வேண்டாம்.

அவகாசம் தர முடியாது என்றால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கொடுங்கள். "கராஜில் வண்டி மட்டும்" என்பதுதான் விதியானால், சோபாவும் ஃப்ரீசரும் பிரியாணி அண்டாவும் அடுக்கியிருக்கும் மற்ற கராஜ்களின் கதவிலும் அதே நோட்டீஸை ஒட்டுங்கள். தலைவர் அண்ணா, உங்கள் கராஜிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
நோட்டீஸ் ஒட்டிய கராஜின் சொந்தக்காரன்