குக்கர் மூடியை மறைக்காதே

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

போனில் நீ அழுதால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் எடுத்து இப்போதே அனுப்புவான். மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் நெற்றியில் நாலு தையல், ஓசூர் ஸ்டேஷனில் உன்மேல் புகார். உன் கழுத்தை அவன் நெரித்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றிருக்கிறாய். உன்மேல் கோபமில்லை. ரெண்டு வருஷம் முன் ஆடிக்கு நீ வந்து அழுதபோது, "அனுசரிச்சுப் போம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டவன் நான். ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக ஊரார் பெண்களுக்கெல்லாம் பெட்டிஷன் டைப் அடித்துக் கொடுத்தவன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்று நெஞ்சு எரிகிறது.

இப்போது கேள். பயத்தில் "நான் அடிக்கவே இல்லை" என்று யாரிடமும் சொல்லிவிடாதே. அப்படிச் சொன்னால் அந்தத் தையல் எப்படி வந்தது என்பதற்கு உன்னிடம் பதில் இருக்காது. ஆமாம், அடித்தேன், அவன் கை என் கழுத்தில் இருந்தது, மூச்சு முட்டியது, கைக்கு எட்டிய குக்கர் மூடியால் ஒரு தடவை அடித்தேன், அவன் கை விட்டது, ஓடினேன். நடந்தது இதுதானே? இதையே சொல். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமைதான். உயிர் போகுமோ என்ற நியாயமான பயம் இருந்தால் போதும். அந்த நேரத்தில் அடியைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் எழுதியிருக்கிறது. ஆனால் பயம் நீடிக்கும் வரைதான் அந்த உரிமை. அவன் விட்டுவிட்டு ஹாலுக்குப் போன பிறகு பின்னாலேயே போய் அடித்திருந்தால் அது பதிலடி, தற்காப்பில்லை. அதனால் எது முதலில், எது பிறகு என்பதை ஒரு நூல் பிசகாமல் இன்றிரவே எழுதி வை.

காலையில் பக்கத்து வீட்டு அக்காவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. யார், எங்கே, எப்படித் தாக்கினார் என்று ஏ.ஆர். என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் வர வேண்டும். முதலில் ஏன் பொய் சொன்னாய் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடு. அன்று அவன் பக்கத்திலேயே நின்றானே! விழுங்க வலிக்கிறது, குரல் கம்மியிருக்கிறது என்பதையும் சொல். கழுத்து நெரித்த தடம் சில நேரம் ஒரு நாள் கழித்துத்தான் கன்றும், தினமும் படம் எடு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில் ஒரே வரி கேஸைத் திருப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு உன் புகார். புகார் வாங்கியதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதே. கேஸையும் கவுன்டர் கேஸையும் ஒரே அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது நம் போலீஸ் நிலையாணை. குற்ற நடைமுறைச் சட்டப்படி விசாரணைக்குக் கூப்பிடும் 35(3) நோட்டீஸ் உனக்கு வந்தால் ஒளியாதே, வக்கீலோடு போவோம். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடு.

அவன் மாமா ராஜி பேசுகிறாராம், ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று. எதிர்ப்புகார் கொடுப்பதே பாதி நேரம் இதற்குத்தான். எதிலும் கையெழுத்துப் போடாதே. 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீ இங்கே வந்து தங்கினாலே இந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மாடி அறையை அம்மா இப்போதே பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்த மூடியைக் கழுவாதே, ஒளிக்காதே. போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடு. குழந்தையின் தடுப்பூசி அட்டையை மறக்காதே. விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.

அப்பா