தனியாக வருபவருக்கும் மலையூரில் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்ததிலிருந்து, அது குறித்த பேச்செல்லாம் கார்களைச் சுற்றியே நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கோடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. மலைப்பாதையில் தனக்கென ஒரு வண்டியையும் ஏற்றாமல் பேருந்தில் ஓர் இருக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் அந்தப் பயணியை, அதிலும் துணையில்லாமல் தனியாக வருபவரை, நம்முடைய மலையூர்கள் எப்படி நடத்துகின்றன என்பதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மதுரையில் பணிபுரியும் நான், விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் கோடைக்கானல், ஏற்காடு, உதகை என்று தனியாகவே சென்று வருபவள். ஏன் தனியாக என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. உண்மையில் இந்த ஏரிக்கரை ஊர்கள் நடப்பவருக்கென்றே அமைந்தவை. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய கோடைக்கானல் ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த சல்லிவன் காலத்தில், 1820களில், வெட்டப்பட்ட உதகை ஏரி பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் இறங்குபவருக்கும் ஏரி எட்டும் தூரம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், செங்குத்தான பகுதியில் பல்சக்கரத்தின் துணையோடு, ஏறும் மலை ரயில், 1908 முதல் உதகை வரை ஆளுக்கு ஓர் இருக்கை தந்துகொண்டுதான் இருக்கிறது. கார் பெருகுவதற்கு முன்பே உருவான ஊர்கள் இவை. கார் இல்லாமல் வருபவர் இங்கே அந்நியராகத் தெரிவது அண்மைக்கால வழக்கம்.

முதல் தடை தங்குமிடம். விடுதி வரவேற்பு மேசையில் முதலில் வரும் கேள்வி, “எத்தனை பேர்?” என்பது. “நான் மட்டும்தான்” என்ற பதிலுக்குப் பிறகு, அதுவரை காலியாக இருந்த அறைகள் அனைத்தும் திடீரென நிரம்பிவிடும். கோடைக்கானலில் ஒரு விடுதியில், இணையத்தில் முன்பதிவு செய்து முன்பணம் கட்டியிருந்தும், ஆதார் அட்டையைக் காட்டியும், “தனி ஆளுக்கு ரூம் தர்றதில்லை மேடம், மேலிடத்து உத்தரவு” என்று சொல்லித் திருப்பியனுப்பினார்கள். எந்த மேலிடம், எந்தத் தேதியிட்ட உத்தரவு என்று கேட்டதற்கு விடையில்லை. எழுத்தில் எதையும் காட்டவும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கும் ஊரில், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விடுதியைத் தேடி ஒரு பெண் அலைவதுதான் பாதுகாப்பு என்று யார் முடிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனியாக வரும் ஆண்களுக்கும் இதே கதிதான் என்று பேருந்தில் உடன் பயணித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே ஊரில் முதுகுப்பையோடு தனியாக வரும் வெளிநாட்டவருக்கு மட்டும் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுச் சாவியைத் தருவதையும் பார்த்திருக்கிறேன்.

விடுதிக்காரர்களின் அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. தனியாக வந்து தங்குபவர் அறைக்குள் ஏதேனும் செய்துகொண்டால் காவல் நிலையம், விசாரணை, ஊர்ப்பேச்சு என்று அவர்கள் அலைய வேண்டியிருக்கும். ஆனால் அதற்கான வழி அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, வீட்டார் ஒருவரின் கைப்பேசி எண்ணை வாங்கிப் பேசிப் பார்ப்பது, காலையிலும் மாலையிலும் ஒரு வார்த்தை விசாரிப்பது ஆகியவையே. வந்தவரை இருட்டில் வெளியே நிறுத்துவதன்று. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு, கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் நுழைவதற்குப் பாலினத்தை மட்டும் காரணமாக்கி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. தனியாக வந்த ஆணுக்கு அறை தந்துவிட்டுப் பெண்ணுக்கு மட்டும் மறுக்கும் விடுதி, இந்தப் பிரிவைக் கொஞ்சம் படித்துப் பார்ப்பது நல்லது.

அறை கிடைத்தாலும், இருவருக்கான வாடகையை ஒருவரே கொடுக்க வேண்டும். ஏரியில் மிதிபடகு வேண்டுமென்றால், ஆளுக்கு இத்தனை என்றில்லாமல் படகுக்கு இத்தனை என்றுதான் கட்டணம். கோடைக்கானலை அடுத்த காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியும் வாகனத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், அங்கே போகப் பெரும்பாலும் ஒரு காரை முழுதாக வாடகைக்கு அமர்த்த வேண்டியிருக்கிறது. நெரிசலைக் குறைக்கத்தான் இ-பாஸ் என்றால், ஒரே ஓர் ஆளைச் சுமந்து ஒரு கார் மலைக்காட்டுக்குள் போவதில் என்ன நியாயம் இருக்கிறது? உதகையில் கோடைக்காலத்தில் சுற்றுலா இடங்களை இணைத்து அரசுப் போக்குவரத்துக் கழகம் விடும் சுற்றுப் பேருந்துகளைப் போல, கோடைக்கானலில் தூண் பாறை, பேரிஜம் வழித்தடத்திலும் தலைக்கு ஒரு சீட்டு என்ற முறையில் சிறு பேருந்தோ வேனோ ஆண்டு முழுவதும் விடலாம்.

பேருந்து நேரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடைக்கானலிலிருந்து மலைக் கிராமங்களான பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் செல்லும் பேருந்துகள் எத்தனை மணிக்குப் புறப்படும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதை நான் எப்போதும் டீக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். டீக்கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நடத்துநரைவிடத் துல்லியமாகச் சொல்பவர்களும் உண்டு. இருந்தாலும், குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, பூண்டு வயல்களைப் பார்த்துவிட்டு மாலையில் பூம்பாறைச் சாலையோரம் காத்து நிற்கும் ஒருவருக்கு, பேருந்து உண்டா இல்லையா என்பது அச்சிட்ட பலகையிலிருந்து தெரிய வேண்டும். வயல்வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த ஊர்ப் பெண்களுக்கும் அந்தப் பலகை பயன்படும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு உதகை, கோடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் விடுதிகள் உள்ளன. அவற்றில் ஒருவர் தங்கும் அறைகளுக்கும் படுக்கை வாடகைக் கூடங்களுக்கும் குறிப்பிட்ட பங்கை ஒதுக்கி, தனியாக வருபவருக்கு இங்கே இடம் உண்டு என்று அறிவித்தால், தனியார் விடுதிகளும் ஓரளவு வழிக்கு வரும். அதோடு, தனி நபருக்கு அறை தரக் கூடாது என்று உத்தரவு ஏதும் இருந்தால் அதைத் திண்டுக்கல், நீலகிரி, சேலம் மாவட்ட நிர்வாகங்கள் வெளியிட வேண்டும். இல்லையென்றால், அப்படி ஒன்று இல்லை என்பதை ஒவ்வொரு விடுதியின் வரவேற்பு மேசையிலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் தொடங்குமுன் இதைச் செய்வது கடினமன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.