பிள்ளைக்குப் பால் சூடாக்கித் தந்த திருகோணமலைக்கு

அன்புள்ள திருகோணமலை உறவுகளே,

உங்களில் ஒருவருடைய பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை. பசியில் வீரிட்டு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவளுக்குப் பெயர் விசாரிக்க எங்கே நேரம்? அதனால் பெயரில்லாமலேயே இந்த மடலை எழுதுகிறேன். படிக்கும்போது உங்களை நீங்களே அடையாளம் காண்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகளுக்குப் பிறவியிலேயே மேலண்ணத்தில் பிளவு. உதட்டில் எந்தக் குறையும் இல்லாததால் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. பிளவு வழியே காற்றுப் போய்விடுவதால் மார்பில் உறிஞ்சிக் குடிக்க அவளால் முடியாது. பாலைக் கறந்தெடுத்து, அமுக்கினால் பால் வரும் மென்மையான போத்தலில் ஊற்றி, அவளை நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். குளிர்ந்த பாலைக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் இளஞ்சூடு இல்லாவிட்டால் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். வீட்டில் இதெல்லாம் பழகிவிட்டது. காலமான மாமனாருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காக வவுனியாவிலிருந்து உங்கள் ஊருக்குப் புறப்பட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

சுடுதண்ணீர் கிடைக்காதோ என்பதைவிட இன்னொன்றுக்குத்தான் அதிகம் பயந்தேன். போத்தலைக் கண்டதும், "ஏன் பிள்ளை, தாய்ப்பால் கொடுக்கவில்லையா?" என்று கேட்பார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு நடுவில் பிள்ளையின் வாய்க்குள் இருப்பதை விளக்கிச் சொல்வது எந்தத் தாய்க்கும் லேசான காரியம் அல்ல. நீங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. இந்த மடலை எழுதவைத்ததே அதுதான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு முதல் நன்றி. காலை நேரம், கடை நிறைய ஆட்கள். பிள்ளைக்குப் பால் சூடாக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கையைக் கழுவிக்கொண்டு வந்தீர்கள். ஒரு பேணியை எடுத்துக் கொதிநீரால் அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டினீர்கள். பிறகு கேத்தலிலிருந்து அரைப் பேணி ஊற்றி, அதன் மேல் பச்சைத் தண்ணீர் கலந்தீர்கள். விரலை உள்ளே விடாமல் பேணியின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்து என்னிடம் நீட்டினீர்கள். தாய்ப்பாலைக் கொதிநீரில் வைக்கக்கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. பால் சூடாகும்வரை பிள்ளைக்கு விசிறியது உங்கள் மனைவி என்று நினைக்கிறேன். காசு கொடுத்தபோது, "தண்ணீருக்குக் காசு வாங்குகிற கடையா இது?" என்று கோபித்துக்கொண்டீர்கள்.

நாங்கள் தங்கிய விடுதியில் முதலில் மைக்ரோவேவில் வைத்துத் தருகிறோம் என்றார்கள். அதில் வைத்தால் பால் ஒரு சீராகச் சூடாகாது. போத்தல் ஆறியிருப்பதுபோல் தெரியும், உள்ளே ஓரிடத்தில் நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். இதைச் சொன்னதும் சமையலறைத் தம்பி முகம் சுளிக்கவில்லை. அதன்பின் இரவில் கதவைத் தட்டும்போதெல்லாம் ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீரோடு வந்தார். அந்த நேரத்திலும் கிண்ணத்துக்குக் கீழே மடித்த துணி ஒன்று இருக்கும். என் கை சுட்டுவிடக் கூடாதாம்.

கிரியைக்காகப் போன கன்னியா வெந்நீரூற்றில் சந்தித்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அங்குள்ள 7 கிணறுகளும் இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கிரியை நீண்டுகொண்டிருந்தபோது பிள்ளைக்குப் பசி வந்துவிட்டது. ஊற்று நீரிலேயே போத்தலை வைக்கலாமே என்று உறவினர் ஒருவர் வாளியைத் தூக்கினார். குடும்ப நல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற நீங்கள்தான், "குளிக்கிற தண்ணீர், சூப்பியில் படக்கூடாது" என்று தடுத்தீர்கள். சூப்பியைக் கழற்றி, மூடியை இறுக்கி, போத்தலைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பால் இருக்கும் அளவுக்கு மட்டும் வெந்நீரில் பிடிக்கச் சொன்னீர்கள். மேலே திரண்டு நின்ற கொழுப்பைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கலந்தீர்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டு, சுடவும் இல்லை, குளிரவும் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே என்னிடம் தந்தீர்கள். பக்கத்தில் நின்ற ஓர் இளம் தகப்பனுக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள்: பால்மா கரைப்பதற்கு இந்தச் சூடு போதாது, கொதிக்கவைத்த நீர் 70 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முன் மாவைப் போட்டுக் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். நான் வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றேன். அத்தனை காலத்துக்குப் பிறகும் உங்கள் கை அந்த வேலையை மறக்கவில்லை.

மீன் சந்தைத் தம்பிக்கும் நன்றி. கறந்தெடுத்த பால் 25 பாகை வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். உங்கள் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. எங்கள் பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது. மீன் படாத புதுக் கட்டியை உடைத்து, பை மேல் பை போட்டு நீர் கசியாமல் கட்டித் தந்தீர்கள். அந்த ஐஸ்தான் எங்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தது.

கோட்டைக்குள் மான்கள் மேயும் மர நிழலிலிருந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில், அர்ச்சனைத் தட்டு விற்கும் அம்மா ஒருவர் தன் முக்காலியை எனக்குத் தந்துவிட்டு நின்றுகொண்டே வியாபாரம் செய்தார். தனக்கென்று பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த சுடுதண்ணீரையும் எங்களுக்கே ஊற்றினார். வீடு திரும்பும் வழியில் ஹொரவப்பொத்தானையில் பஸ் நின்றபோது ஒரு சிங்களக் கடைக்காரரிடம் போத்தலைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. கோப்பையில் வெந்நீர் வந்தது.

மகளுக்கு முதல் பிறந்தநாள் வரும் அளவில் மேலண்ணத்தைத் தைத்து மூடும் சத்திரசிகிச்சை இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது நல்லபடி முடிந்ததும் கோணேசர் சந்நிதிக்கு அவளைக் கூட்டிவருவதாக நேர்த்தி வைத்திருக்கிறோம். உங்கள் எல்லோரையும் தேடி வந்து பிள்ளையைக் காட்டுவோம். தேநீர்க் கடை ஐயா, அன்றைக்குத் தேநீரும் வடையுமாக வயிறாரச் சாப்பிடுவோம், காசை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
வவுனியாவிலிருந்து ஒரு தாய்