பிரசங்கத்த பைபிள்ல பாத்து செக் பண்றது அவிசுவாசமா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு நம்ம பேப்பர் வாசகர் கடிதத்துல ஒரு சகோதரர் எழுதியிருந்தத வாசிச்சேன். மலையகத்துல இப்ப கிறிஸ்தவ வாலிபப் புள்ளைங்க பாஸ்டர் பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கறப்பவே போனை எடுத்து வசனம் தேடுறாங்களாம், கூட்டம் முடிஞ்சதும் போய் கேள்வி கேக்குறாங்களாம், இது ஊழியக்காரர அவமதிக்கிறதாம், "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" அப்பிடினு சங்கீதத்துலயே இருக்காம். கோவப்பட்டு எழுதல, அவர் சொன்ன வசனத்தையே கொஞ்சம் எடுத்து பாக்கலாம்னு தான் எழுதுறேன்.

அது சங்கீதம் 105, 15ஆம் வசனம். ஆனா 12ல இருந்து வாசிச்சு பாருங்க, அங்க பேசுறது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தப் பத்தி. கொஞ்சத் தொகை சனங்க, பரதேசிங்க, சொந்த நெலம் இல்லாம ஒரு ராஜ்யத்துல இருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு அலஞ்சவங்க, அவங்கள ஒருத்தரும் ஒடுக்க விடாம அவங்களுக்காக ராஜாக்களயே கடவுள் கடிஞ்சுக்கிட்டாருன்னு தான் அங்க இருக்கு. அதாவது மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவன் மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்ற வசனம் அது. அத எடுத்து மேடையில மைக் புடிச்சு நிக்கிறவருக்கு கவசமா மாட்டி, கீழ பாயில உக்காந்திருக்கிற, தேயில கொழுந்தெடுக்கிற அக்காவ வாய மூடுன்னு சொல்றதுக்கு பாவிக்கிறோம், இத விட தலைகீழா ஒரு வசனத்த வாசிக்க ஏலாது.

பெரோயா ஊர் கத எல்லாருக்கும் தெரியும், அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரம். தெசலோனிக்கேயில கலவரம் வந்து பவுலயும் சீலாவயும் ராத்திரியோட ராத்திரியா அனுப்பி வைக்கிறாங்க, அவங்க பெரோயாவுக்கு வாராங்க, இப்பவும் கிரேக்க நாட்டுல வெரியான்னு அந்த ஊர் இருக்கு. அந்த ஊர்க்காரங்க "மனோவாஞ்சையாய் வசனத்தை ஏற்றுக்கொண்டு" காரியம் அப்பிடித்தானான்னு தினமும் வேதத்த ஆராஞ்சு பாத்தாங்க. சொன்னது யாரு, பவுல். அவரு சொன்னதயே செக் பண்ணினாங்க, இத எழுதின லூக்கா அதுக்கு அவங்கள திட்டல, நற்குணசாலிகள்னு எழுதி வச்சிருக்கார். இன்னொண்ணு யோசிக்கணும், அவங்க வீட்டுல ஆளுக்கொரு பைபிள் இருந்திருக்காது, ஜெப ஆலயத்துல இருந்த சுருள தான் சேந்து வாசிக்கணும், அதுவும் பழைய ஏற்பாடு மட்டும் தான், புதிய ஏற்பாடு அப்ப புத்தகமாவே வரல. அவ்வளவு கஷ்டத்துலயும் தினமும் பாத்தாங்க. நம்ம கையில போன்லயே முழு பைபிளும் இருக்கு, ஆனா நாம பாக்குறது காலையில வட்ஸ்அப்புல பூப்படத்தோட வர்ற ஒத்த வசனம் மட்டும்.

கொழுந்து நிறுக்கிறப்ப நம்ம பொம்பளைங்க தராசு முள்ள எட்டி எட்டி பாக்குறாங்களே, கணக்கப்பிள்ளைய அவமதிக்கிறோம்னா பாக்குறாங்க? ஒழச்ச கிலோ சரியா விழுதான்னு தானே பாக்குறாங்க. நேர்மையான கணக்கப்பிள்ளை அதுக்கு கோவிச்சுக்க மாட்டார்.

அதுக்காக இந்த புள்ளைங்க செய்றது எல்லாமே சரின்னும் சொல்ல வரல. சில பேர் யூடியூப்புல ரெண்டு வீடியோ பாத்துட்டு பாஸ்டர மடக்குறதுக்குன்னே கூட்டத்துக்கு வாராங்க, வாஞ்சையும் இல்ல வாசிப்பும் இல்ல, வாய் மட்டும் இருக்கு. பெரோயாக்காரங்க மொதல்ல ஆசையா கேட்டாங்க, அப்புறம் தான் ஆராஞ்சாங்க. அந்த ஒழுங்கு முக்கியம்.

ஆராயாம விட்டா என்ன ஆகும்னு 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப பாத்தோம். பதுள, நுவரெலியா, கண்டி பக்கமெல்லாம் மண்சரிவு, சனம் செத்தது, வீடு போச்சு, சேறு காயறதுக்குள்ளயே ஒரு வொய்ஸ் மெசேஜ் சுத்துச்சு, அந்த தோட்டத்துல பாவம் கூடிப்போச்சு, தேவன் அடிச்சிட்டார்னு. 2014ல மீரியபெத்தை தோட்டத்துல மண்சரிவு வந்தப்பவும் இப்பிடித்தான் பேசினாங்க. லூக்கா 13ஐ தொறந்தா இயேசுவே இதுக்கு பதில் சொல்லிட்டார்னு தெரியும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, எருசலேம்ல இருந்த மத்த எல்லாரயும் விட அவங்க பெரிய குற்றவாளிங்கன்னு நெனைக்கிறீங்களான்னு கேட்டு, அப்பிடியல்லன்னு அவரே சொல்றார், சொல்லிட்டு கேட்டுக்கிட்டு நிக்கிறவங்கள பாத்து தான் மனந்திரும்புங்கன்னு சொல்றார். புள்ளைய மண்ணுக்கு குடுத்த தாய்கிட்ட அந்த மெசேஜ போட்டுக் காட்டினவங்க இந்த அஞ்சு வசனத்த வாசிச்சிருந்தா காட்டியிருப்பாங்களா?

எங்க டிவிசன்ல புதன்கிழம சாயந்தரம் ஒரு லயத்து காம்பராவுல, அதாவது தோட்டத்து வரிச வீட்டு அறையில, அஞ்சாறு பொம்பளைங்க கூடி வாசிக்கிறோம். ரெண்டு பேருக்கு எழுத்து தெரியாது, ஓஎல் பரீட்சைக்கு படிக்கிற ஒரு புள்ள சத்தமா வாசிக்கும், நாங்க கேப்போம், ஒரு முழு அதிகாரம், அவ்வளவு தான். எரேமியா 29 வந்துச்சு. எல்லா வீட்டு சொவத்துலயும் தொங்குமே, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", அந்த 11ஆம் வசனம் இருக்கிற அதிகாரம் தான். பாபிலோனுக்கு புடிச்சுக்கிட்டு போன சனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம்னும், எழுபது வருசம் கழிச்சு தான் திரும்பி வருவீங்கன்னு 10ஆம் வசனத்துலயே இருக்குன்னும் வாசிச்சப்ப எழுத்து தெரியாத ஒரு அக்கா கேட்டாங்க, "அப்ப இந்த கடிதத்த கேட்ட பெரியவங்க யாரும் ஊர் திரும்பி இருக்க மாட்டாங்களே, அவங்களுக்கு என்ன சமாதானம்?" யாருக்கும் ஒடனே பதில் வரல. திரும்ப மேல வாசிச்சோம். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, புள்ளைகள கட்டிக்குடுங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. 8ஆம் வசனத்துல உங்க நடுவுல இருக்கிற தீர்க்கதரிசிங்களும் குறிகாரரும் உங்கள ஏமாத்த விடாதீங்கன்னும் இருக்கு. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் அளவு துண்டுக் காணிக்காக இன்னும் மனு எழுதிக்கிட்டு இருக்கிற எங்களுக்கு வீடு கட்டுங்கங்குற வசனம் எப்பிடி கேட்டிருக்கும்னு நீங்களே யோசிங்க. அன்னைக்கு பேச்சு முடிய ராத்திரி ஒம்பதாச்சு. "அடுத்த மாசம் ஒனக்கு வெளிநாட்டு கதவு தொறக்கும்"னு அதே 11ஆம் வசனத்த வச்சு சொல்லி காணிக்க வாங்குறவங்க யாரும் அந்த எட்டாம் வசனத்த வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

தீர்க்கதரிசனம் சொல்றவங்களுக்கும் சட்டம் இருக்கு, ரெண்டு மூணு பேர் பேசட்டும், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்"னு 1 கொரிந்தியர் 14:29 சொல்லுது. அந்த மத்தவங்க நாங்க தான்.

பேச்சு வாக்குல ஒண்ணு, யாழ்ப்பாணத்துல பேர்சிவல் பாதிரியாரோட சேந்து பைபிள தமிழ்ல கொண்டு வர ஒழச்சவர் ஆறுமுக நாவலர், அவர் கடைசி வரைக்கும் சைவர். நம்பாத மனுசன் அவ்வளவு வரி வரியா வாசிச்சிருக்கார்.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழம ஆன்மீக பக்கத்துல "இன்றைய வசனம்"னு பொட்டி கட்டி ஒரு வரி போடுறீங்க, அதுக்கு மேல ரெண்டு வசனம் கீழ ரெண்டு வசனம் சேத்து போட ஏலுமான்னு பாருங்க. எடம் பத்தலன்னா அந்த ஓரத்துல இருக்கிற ராசிபலன கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.